பேனலை அணைத்து வைத்திருக்கிறீர்களா? புகை டிடெக்டர்: வாசகர் கேள்வி பதில்

கடை, குடோன், லாட்ஜ், மருத்துவமனை என்று வணிகக் கட்டடங்களின் தீப் பாதுகாப்பு பற்றிக் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கூரையில் இருக்கும் அந்த வெள்ளை டப்பா, அதாவது ஸ்மோக் டிடெக்டர், அதன் வயர் போய்ச் சேரும் பேனல் என்ற கட்டுப்பாட்டுப் பெட்டி, இவற்றைப் பற்றித்தான். கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு இருபது வருடங்களுக்கும் மேலாக ஃபயர் அலாரம் பொருத்தி, பராமரித்து வருபவர் பதில் எழுதியிருக்கிறார்.

எங்கள் ஜவுளிக்கடை மூன்று மாடி. கட்டும்போதே 42 ஸ்மோக் டிடெக்டர் போட்டோம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் காரணமே இல்லாமல் ஹூட்டர் அலறுகிறது. சேலை பார்த்துக்கொண்டிருப்பவர்கள் பயந்து கீழே ஓடுகிறார்கள். ஆடித் தள்ளுபடி நேரத்தில் பொறுக்க முடியாமல் பேனலையே அணைத்துவிட்டோம். வேறு கம்பெனி டிடெக்டர் மாற்றினால் சரியாகுமா?
– ஜவுளிக்கடை உரிமையாளர், பர்கூர்

இதைப் படித்து முடித்ததும் முதலில் பேனலை ஆன் செய்யுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

காரணமே இல்லாமல் அடித்த டிடெக்டரை நான் இத்தனை வருடத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம். காரணம் இருக்கும், நமக்குத்தான் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். பேனல் பக்கத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் தேதி, நேரம், பேனலில் எரிந்த சோன் எண் (கட்டடத்தின் எந்தப் பகுதி என்று காட்டுவது), அந்த நேரத்தில் அந்த இடத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்ற நான்கையும் எழுதச் சொல்லுங்கள். ரீசெட் செய்வதற்கு முன் மாடிக்குப் போய் எந்த டிடெக்டரில் சிவப்பு விளக்கு விடாமல் எரிகிறது என்று பார்க்க வேண்டும். ரீசெட் செய்துவிட்டால் அந்தத் தடயம் போய்விடும். இரண்டு வாரம் எழுதினால் முக்கால்வாசி விடை நோட்டிலேயே இருக்கும்.

உங்கள் ஊர்ப் பக்கமே ஒரு கடையில் இப்படி எழுதிப் பார்த்தோம். எல்லாம் செவ்வாய், வெள்ளி. எல்லாம் மாலை ஆறே காலுக்கும் ஆறரைக்கும் நடுவில். சாம்பிராணி! கல்லாவுக்குப் பின்னால் சாமி படம், அதற்கு நேர் மேலே டிடெக்டர். அது செய்தது தவறே இல்லை. உள்ளே ஒரு சின்ன இருட்டறை இருக்கிறது. அதில் ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஒளியை விடும் எல்.இ.டி., இன்னொரு பக்கம் அந்த ஒளி நேராக விழாதபடி கோணத்தில் வைத்த ஒளி உணரி. புகைத் துகள் உள்ளே வந்தால் ஒளி சிதறி உணரி மேல் படும், மணி அடிக்கும். சாம்பிராணிப் புகைக்கும் சேலை எரியும் புகைக்கும் வித்தியாசம் அதற்குத் தெரியாது. அங்கே டிடெக்டரை மூன்று மீட்டர் தள்ளிப் போட்டோம், தூபக்காலை மாடிக்கு எடுத்துப் போகாமல் வாசலோடு நிறுத்தச் சொன்னோம். அதற்கப்புறம் அந்த சோன் சாம்பிராணிக்கு அடிக்கவில்லை.

ஜவுளிக்கடையில் அடுத்த சந்தேகம் பஞ்சுத் தூசி. பேல் பிரிக்கும் அறையில் வெயில் கீற்று விழும்போது பாருங்கள், காற்று முழுக்க இழை பறக்கும். அது அந்த இருட்டறையின் சுவரில் படிந்து கொஞ்சம் கொஞ்சமாக ஒளியைத் திருப்பி அனுப்ப ஆரம்பிக்கும். டிடெக்டர் ஏற்கெனவே பாதிப் புகை இருப்பதாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்த நிலையில் சின்னப் பூச்சி நுழைந்தாலும் போதும், கூட்டிப் பெருக்கும் தூசி மேலே எழுந்தாலும் போதும். கட்டும்போதே டிடெக்டர் போட்டீர்கள் என்பதால் இன்னொன்றையும் விசாரியுங்கள்: மார்பிள் பாலிஷ், பட்டி தேய்ப்பு எல்லாம் முடியும் முன்பே டிடெக்டரின் பிளாஸ்டிக் தொப்பியைக் கழற்றிவிட்டார்களா? கழற்றியிருந்தால் கடை திறப்பதற்கு முன்பே அது தூசி தின்றிருக்கும். இதற்கு நேர் எதிரையும் பார்த்திருக்கிறேன். திறப்பு விழா நடந்து இரண்டு வருடம் ஆன கட்டடத்தில் 11 டிடெக்டர்கள் தொப்பியோடு இருந்தன. அவை ஒரு நாளும் தொல்லை கொடுக்கவில்லை. தீப்பிடித்திருந்தாலும் கொடுத்திருக்காது.

மூன்றாவது, ஏ.சி. காற்று வெளிவரும் வாய்க்குப் பக்கத்தில் டிடெக்டர் இருந்தால் தூசியை அதன் மேலேயே ஊதும். உண்மையான புகை வரும்போது அதைத் தள்ளியும் விடும். குறைந்தது ஒரு மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். சுவரிலிருந்து அரை மீட்டருக்கு உள்ளே இருக்கக் கூடாது. ரேக் மேல் அட்டைப்பெட்டிகளைக் கூரை தொடும்வரை அடுக்குவது நம் கடைகளில் வழக்கம். டிடெக்டரைச் சுற்றியும் அதன் கீழும் அரை மீட்டர் காலியாக விடுங்கள். பெட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் வரும் புகை இந்தப் பக்கத்து டிடெக்டருக்கு உடனே வந்து சேராது.

கம்பெனியை மாற்றினால் இதில் எதுவும் மாறாது. அதே சாம்பிராணி, அதே பஞ்சு, அதே ஏ.சி.

பேனலை அணைத்தது பற்றி நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு கடையின் ஏ.எம்.சி. (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) என்னிடம் இருந்தது. முதல் மாடி சோன் அடிக்கடி அடித்தது. தீபாவளி வியாபாரம். "பத்து நாளைக்கு மட்டும் அந்த மாடியை டிஸேபிள் பண்ணிக் கொடு தம்பி" என்று முதலாளி கேட்டார். அந்த மாடி டிடெக்டர்களைப் பேனலில் செயலிழக்கச் செய்து கொடுத்தேன். பத்து நாள் கழித்து நான் திரும்பப் போகவில்லை. வேறு ஊரில் வேலை, அவரும் கூப்பிடவில்லை. கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை, அந்த மாடியில் ஒரு பழைய ஸ்டெபிலைசரிலிருந்து புகைந்து அட்டைப்பெட்டியில் பிடித்திருக்கிறது. எதிர் டீக்கடைக்குப் பால் இறக்க வந்தவர் ஜன்னலில் தணல் நிறத்தைப் பார்த்துக் கத்திய பிறகுதான் கீழே படுத்திருந்த காவலாளிக்குத் தெரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. அந்த மாடியில் ஒரு துணி மிஞ்சவில்லை. டிடெக்டர்கள் உருகி வயரில் தொங்கின. கீழே பேனலில் டிஸேபிள் விளக்கு மட்டும் மஞ்சளாக எரிந்துகொண்டே இருந்தது. முதலாளி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இப்போது பெயின்ட் வேலைக்காக ஒரு சோனை அணைக்க வேண்டி வந்தாலும் எந்தத் தேதி, எத்தனை மணிக்குத் திரும்ப ஆன் செய்ய வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதிப் பேனல் கதவில் ஒட்டிவிட்டுத்தான் வருகிறேன். அன்று மாலை நானே போன் செய்து கேட்பேன். இரவில் எந்த சோனும் அணைந்திருக்கக் கூடாது.

ஆபீஸ் கூரையில் உள்ள டிடெக்டர்களில் சிவப்பு விளக்கு சில நொடிக்கு ஒரு முறை மினுக்குகிறது. ஒன்றில் மட்டும் மினுக்கவில்லை. பயப்பட வேண்டுமா?
– அலுவலக உதவியாளர், கிருஷ்ணகிரி

மினுக்குவது பெரும்பாலும் "நான் விழித்திருக்கிறேன்" என்பதற்கு அடையாளம். விடாமல் எரிந்தால்தான் அலாரம். சில மாடல்களில் பச்சையாக மினுக்கும், சிலவற்றில் மினுக்கவே மினுக்காது. ஆனால் ஒரே மாடல் வரிசையில் ஒன்று மட்டும் மினுக்கவில்லை என்றால் அது பேஸில் (கூரையில் இருக்கும் அடித்தட்டில்) சரியாக மாட்டாமல் இருக்கலாம், செத்தும் இருக்கலாம். சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டு அந்த ஒன்றைக் காட்டுங்கள். தலையைத் தூக்கிப் பார்த்துக் கவனித்திருக்கிறீர்கள் பாருங்கள், உங்களைப் போல ஒருவர் எல்லா ஆபீஸிலும் வேண்டும்.

சேலம் சாலையில் எங்களுக்குக் குடோன் இருக்கிறது. தகரக் கூரை, நடுமுகடு 9 மீட்டர் உயரம். புளி, சாக்கு, எண்ணெய் வித்து வைக்கிறோம். சாதாரண ஸ்மோக் டிடெக்டர் 20 போட்டால் போதும் என்று எலக்ட்ரீஷியன் சொல்கிறார்.
– மண்டி உரிமையாளர், தருமபுரி

எலக்ட்ரீஷியன் சொல்வது விதிப்படி முழுத் தவறு இல்லை. தட்டையான கூரையில் எந்த இடத்திலிருந்தும் ஏழரை மீட்டருக்குள் ஒரு ஸ்மோக் டிடெக்டர் இருக்க வேண்டும் என்பது ஐ.எஸ். 2189 என்ற நம் நாட்டு ஃபயர் அலாரம் தர விதி சொல்லும் கணக்கு. ஆனால் உங்கள் கூரை தகரம், உங்கள் ஊர் தருமபுரி.

சித்திரை மாதம் மதியம் இரண்டு மணிக்கு ஏணி வைத்து அந்த முகட்டுக்குப் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள், முகம் வெந்துவிடும். தகரத்தின் கீழ் ஒரு சூடான காற்று மெத்தை போலப் படுத்திருக்கும். சாக்கு உடனே கொழுந்துவிட்டு எரியாது. மணிக்கணக்கில் உள்ளுக்குள் புகையும். அந்தப் புகையில் சூடு அதிகம் இல்லை. மேலே போகப் போக ஆறி, அந்த வெப்ப மெத்தையைத் துளைக்க முடியாமல் அதன் கீழேயே பரவி நின்றுவிடும். கூரையில் ஒட்டியிருக்கும் டிடெக்டருக்குப் புகை வந்தே சேராது. தீ பெரிதாகிப் புகைக்குச் சூடேறிய பிறகுதான் மேலே போகும். அப்போது மணி அடித்து என்ன பயன்?

உங்களுக்கு நான் சொல்வது பீம் டிடெக்டர். ஒரு முனைச் சுவரிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றை எதிர்முனைச் சுவருக்குப் போகும். குறுக்கே புகை வந்து ஒளி மங்கினால் மணி. நல்ல பீம் 100 மீட்டர் வரை போகும், இருபுறமும் ஏழரை மீட்டர் அகலத்தைப் பார்த்துக்கொள்ளும். முகட்டுக்குச் சற்றுக் கீழே ஒரு வரிசை, அந்த வெப்ப மெத்தைக்கும் கீழே இன்னொரு வரிசை என்று போட்டால் வெயில் காலத்துக்கும் பனிக் காலத்துக்கும் சேர்த்து ஆகும். மேல் வரிசையை மட்டும் போட்டுவிட்டுக் காசை மிச்சம் பிடிக்கலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். புளிக்கும் சாக்குக்கும் கீழ் வரிசைதான் முக்கியம்.

மாட்டும் இடத்தில் கவனம் வேண்டும். தகரத்திலோ அதைத் தாங்கும் இரும்புச் சட்டத்திலோ பீமை மாட்டாதீர்கள். பகலில் இரும்பு நீளும், இரவில் சுருங்கும். அந்தச் சின்ன அசைவு எதிர்முனைக்குப் போவதற்குள் பெரிதாகி ஒளி குறி தவறிவிடும். செங்கல் சுவரிலோ காங்கிரீட் தூணிலோ மாட்டுங்கள். ஒளி போகும் பாதைக்குக் கீழே சுவரில் சிவப்புக் கோடு போட்டு, மூட்டை அதற்கு மேல் போகக் கூடாது என்று சுமை தூக்குபவர்களிடம் சொல்லிவையுங்கள். முகட்டில் புறா கூடு கட்டாமல் வலை அடியுங்கள். வயரை இரும்புக் குழாயில் கொண்டுபோங்கள். தானியம் இருக்கும் இடத்தில் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்தில் வெறும் வயர் மிஞ்சாது.

பஸ் ஸ்டாண்ட் எதிரில் ஹோட்டல் வைத்திருக்கிறேன். சமையல்கட்டிலும் ஸ்மோக் டிடெக்டர் போட வேண்டுமா? தாளிக்கும்போதெல்லாம் அடிக்காதா?
– ஹோட்டல் உரிமையாளர், தருமபுரி

அடிக்கும். சமையல்கட்டில் ஸ்மோக் வேண்டாம், ஹீட் டிடெக்டர் போடுங்கள். சாதாரணமாக 57, 58 டிகிரி செல்சியஸ் தொட்டால் அடிக்கும். தந்தூரி அடுப்புக்கு மேலே அதைவிட அதிக வெப்பத்துக்கானதைக் கேட்டு வாங்குங்கள். ஹீட் டிடெக்டர் பார்க்கும் பரப்பு குறைவு, எந்த இடத்துக்கும் 5.3 மீட்டருக்குள் ஒன்று இருக்க வேண்டும். சாப்பிடும் கூடத்திலும் மேலே சாமான் வைக்கும் அறையிலும் ஸ்மோக்கே போடலாம். கேஸ் கசிவுக்கு இது இரண்டும் உதவாது. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தரையாகத் தேங்கும். அதற்கான டிடெக்டர் தனி, தரைக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும். கூரையில் மாட்டி வைத்திருந்த ஹோட்டலை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வணிக வளாகத்தில் 180 டிடெக்டர்கள். இப்போது இருக்கும் ஏ.எம்.சி.யில் பாதி விலைக்கு ஒருவர் செய்து தருகிறேன் என்கிறார். இப்போதைய கம்பெனியிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒருவர் வந்து ஒரு மணி நேரத்தில் எல்லாம் ஓகே என்று எழுதிவிட்டுப் போகிறார். இதற்கு இவ்வளவு பணம் தேவையா?
– கடை உரிமையாளர் சங்கச் செயலாளர், ஓசூர்

ஒரு மணி நேரத்தில் எழுதிவிட்டுப் போகிறவருக்குப் பாதி விலையும் அதிகம்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏணியை நகர்த்தி, டிடெக்டரில் புகை கொடுத்து, விளக்கு எரிகிறதா, பேனலில் சரியான எண் வருகிறதா என்று கீழே இருப்பவரிடம் கேட்டு, ரீசெட் செய்து அடுத்ததற்குப் போக நான்கு நிமிடம் என்றாலே 180க்குப் 12 மணி நேரம். அதனால்தான் ஒவ்வொரு காலாண்டிலும் கால்வாசி என்று பிரித்து, வருடத்துக்குள் கடைசி டிடெக்டர் வரை தொட்டுவிட வேண்டும். இந்த முறை எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை பார்த்தார் என்று லாக் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். "எல்லாம் ஓகே" என்று எழுத விடாதீர்கள்.

எதைக் கொண்டு சோதிக்கிறார் என்று கூடவே நின்று பாருங்கள். இதற்கென்றே ஸ்பிரே டப்பா வருகிறது, நீளக் கம்பின் முனையில் கிண்ணம் போல மாட்டி டிடெக்டரை மூடி அடிப்பார்கள். ஊதுபத்தி, பீடி, கொளுத்திய காகிதம் இதெல்லாம் வேண்டாம். மணி அடிக்கும்தான், ஆனால் அந்தப் பிசுக்கு உள்ளே படிந்து, சோதனையே அடுத்த மாதத் தவறான அலாரத்துக்கு விதை போட்டுவிடும். பேனலில் டெஸ்ட் பட்டனை மட்டும் அமுக்கிவிட்டு வந்தால் பேனலின் விளக்கும் ஒலியும் சரியாக இருக்கின்றன என்று தெரியும். மேலே இருக்கும் 180ஐப் பற்றி ஒன்றும் தெரியாது.

பேட்டரியை அவருக்கு விடாமல் நீங்களே பாருங்கள். பேனலுக்குள் 12 வோல்ட் பேட்டரி இரண்டு, சேர்த்து 24 வோல்ட். ஒவ்வொன்றின் மேலும் போட்ட தேதியை மார்க்கரில் எழுதியிருக்க வேண்டும். சர்வீஸ் ஆள் வரும் நாளில் பேனலுக்கு வரும் கரண்டை நிறுத்திவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து ஒரு டிடெக்டரை அடிக்க வையுங்கள். எல்லா ஹூட்டரும் முழுக் குரலில் கத்த வேண்டும். முனகினால் பேட்டரி போய்விட்டது. நம் பகுதியில் கோடை மழை இடியோடு வரும், கரண்ட் போகும், இன்வெர்ட்டர் சூடாகும். தீ வரக்கூடிய அந்த நேரத்தில்தான் பேட்டரி உயிரோடு இருக்க வேண்டும். மூன்று நான்கு வருடத்துக்கு மேல் ஆன பேட்டரியை, இன்னும் ஓடுகிறதே என்று வைத்திருக்காதீர்கள்.

இன்னொன்று, ஃபால்ஸ் சீலிங். அதற்கும் காங்கிரீட்டுக்கும் நடுவே 80 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் அங்கேயும் டிடெக்டர் வேண்டும். உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது என்பதால் அதன் விளக்கைக் கீழே சீலிங்கில் தனியாகக் கொண்டுவந்து வைப்பார்கள். உங்கள் ஆள் காலாண்டு தவறாமல் விட்டுவிடும் இடம் அநேகமாக அதுதான். பேனலைத் திறந்து கேளுங்கள்: "சீலிங்குக்கு மேலே எத்தனை இருக்கிறது? கடைசியாக எப்போது தொட்டீர்கள்?" பதில் சொல்லத் திணறுகிறவரிடம் எந்த விலைக்கும் கொடுக்காதீர்கள்.

18 அறை லாட்ஜ். பேட்டரி போட்டு ஒட்டும் டிடெக்டர் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அறைக்கு ஒன்று ஒட்டிவிட்டால் போதுமே, வயர் இழுத்துப் பேனல் எதற்கு?
– லாட்ஜ் உரிமையாளர், ஒகேனக்கல்

அது வீட்டுக்கு நல்லது, வாங்கி உங்கள் வீட்டில் ஒட்டுங்கள். லாட்ஜில் 14ஆம் அறையில் புகை வந்தால் 14ஆம் அறையில் மட்டும் கத்தும். அருவியில் குளித்துவிட்டு மீனும் சாப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்தித் தூங்குகிற மற்ற 17 அறைக்கும் கேட்காது, கீழே ரிசப்ஷனில் இருக்கும் பையனுக்கும் கேட்காது. ஒரு அறையில் வரும் புகைக்குக் கட்டடமே எழ வேண்டும், அதற்குத்தான் பேனல். தூங்கும் இடத்தில் தலைமாட்டில் 75 டெசிபல் கேட்க வேண்டும் என்பது அளவு. தாழ்வாரத்தில் ஒரே ஒரு ஹூட்டர் வைத்தால் மூடிய கதவைத் தாண்டி அவ்வளவு சத்தம் வராது.

அறையில் புகைபிடிப்பவர்கள் டிடெக்டர் மேல் பாலிதீன் பை கட்டுவதுண்டு. அறை சுத்தம் செய்யும் அக்காவிடம், படுக்கை விரிப்பை மாற்றிவிட்டுத் தலை நிமிர்ந்து ஒரு முறை மேலே பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

தீபாவளிக்கு ஒரு மாதம் பட்டாசுக் கடை போடுகிறேன். பாதுகாப்புக்கு ஸ்மோக் டிடெக்டர் வைக்க எவ்வளவு ஆகும்?
– வாசகர், அரூர்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 2023 அக்டோபர் 7ஆம் தேதி ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்ததில் இறந்தவர்களில் பலர் உங்கள் அரூர் பக்கத்து அம்மாபேட்டைப் பையன்கள். பண்டிகைச் செலவுக்குச் சம்பாதிக்கப் போனவர்கள்.

அண்ணா, பட்டாசுக்கு ஸ்மோக் டிடெக்டர் உதவாது. புகைந்து, பரவி, பற்றும் பொருளுக்குத்தான் அது நேரம் வாங்கித் தரும். பட்டாசில் அந்த நேரமே இல்லை. பொறி விழுவதும் கடை போவதும் ஒரே மூச்சில் முடிந்துவிடும். டிடெக்டர் வைத்திருக்கிறோம் என்ற தைரியத்தில் சரக்கைக் கூட்டிவிடுவீர்களோ என்றுதான் எனக்குப் பயம். அந்தப் பணத்தை இடத்துக்குச் செலவிடுங்கள். தற்காலிகக் கடை தீப்பற்றாத பொருளால் கட்டியிருக்க வேண்டும், பக்கத்துப் பட்டாசுக் கடைக்கு 3 மீட்டராவது இடைவெளி, இரண்டு கடையும் எதிரெதிரே திறக்கக் கூடாது, விளக்கு எதுவும் திறந்த சுடராக இருக்கக் கூடாது. 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் சொல்வது இதுதான். லைசென்ஸில் எழுதிய அளவுக்கு மேல் ஒரு பெட்டிகூட வைக்காதீர்கள். கடைக்குள் யாரையும் தூங்க வைக்காதீர்கள். வேலைக்கு வரும் பையன்களுக்கு வெளியே ஓடுவதற்குப் பின்பக்கமும் ஒரு வழி, அதில் அட்டைப்பெட்டி அடுக்காமல்.

எங்கள் மருத்துவமனையில் அலாரம் அடித்தால் நோயாளிகள் பதறுகிறார்கள் என்று வார்டு ஹூட்டர்களின் வயரைக் கழற்றிவிட்டார்கள். நர்ஸ் ரூமில் மட்டும் கேட்கும். இது சரியா?
– செவிலியர், கிருஷ்ணகிரி மாவட்டம்

நோயாளியைப் பதற வைக்கக் கூடாது என்ற எண்ணம் சரி, வயரைக் கழற்றியது தவறு. மருத்துவமனையில் முதலில் ஊழியர்களுக்கு மட்டும் தெரிவித்து, குறித்த நேரத்துக்குள் அவர்களில் யாரும் பார்த்துவிட்டதாகப் பேனலில் பட்டனை அமுக்காவிட்டால் முழு மணி அடிக்கும்படி பேனலிலேயே அமைக்கலாம். அதைத் தெரிந்தவர் வந்து முறையாகச் செய்து, தீயணைப்புத் துறையிடமும் காட்ட வேண்டும். நர்ஸ் ரூமில் யாரும் இல்லாத ஐந்து நிமிடத்தை நினைத்துப் பாருங்கள், சிஸ்டர்.

2011 டிசம்பர் 9 அதிகாலையில் கொல்கத்தாவில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் தீ பிடித்தது கீழ்த்தளத்தில். ஏறக்குறைய 90 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் மேல் மாடிகளில் படுத்திருந்த நோயாளிகள். தீ அவர்களைத் தொடவில்லை, புகைதான் போய்ச் சேர்ந்தது. உங்கள் கட்டடத்தில் அலாரம் வந்தவுடன் ஏ.சி. காற்றோட்டம் தானாக நிற்கிறதா என்று கேளுங்கள். நிற்காவிட்டால் அந்தக் குழாயே புகையை வார்டு வார்டாகக் கொண்டுபோய்க் கொடுக்கும்.

என் அப்பா ஒரு வணிக வளாகத்தில் இரவுக் காவலாளி. பேனலில் இருப்பதெல்லாம் ஆங்கிலம். அடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை, சைலன்ஸ் பட்டனை மட்டும் காட்டியிருக்கிறார்கள். அவருக்கு எப்படிப் புரிய வைப்பது?
– கல்லூரி மாணவி, காவேரிப்பட்டணம்

தங்கச்சி, வந்த கடிதங்களில் இதைத்தான் எல்லா முதலாளிகளும் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். லட்சக்கணக்கில் செலவு செய்து கட்டடம் முழுக்க வயர் இழுக்கிறார்கள். அந்த வயர் எல்லாம் கடைசியில் வந்து சேருவது உங்கள் அப்பாவிடம். அவரிடம் சைலன்ஸ் பட்டனை மட்டும் காட்டியிருக்கிறார்கள்.

அப்பாவுக்கு இரண்டு நிறம் போதும். மஞ்சள் விளக்கு எரிந்தால் கருவியில் கோளாறு, காலையில் சொல்லலாம், ஆனால் சொல்லியே ஆக வேண்டும். சிவப்பு எரிந்தால் தீ என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், பத்து முறை பொய்யாக அடித்திருந்தாலும் பதினோராவது முறையும். பட்டனை அமுக்கி வாயை அடைக்கக் கூடாது. எந்த எண் எரிகிறது என்று பார்த்து, டார்ச்சோடு அந்த மாடிக்குப் படியில் போக வேண்டும், லிஃப்டில் இல்லை. புகை தெரிந்தாலோ, வாசனை வந்தாலோ, ஷட்டரைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தாலோ, திறக்காமல் திரும்பி வந்துவிட வேண்டும். திறந்தால் காற்றுப் போய்த் தீ சீறும். வரும் வழியில் சுவரில் இருக்கும் சிவப்புக் ‘கால் பாயிண்ட்’டை (கையால் அமுக்கி அலாரத்தை அடிக்க வைக்கும் பெட்டி) அமுக்கலாம். உள்ளே யாராவது தங்கியிருந்தால் கதவைத் தட்டி எழுப்ப வேண்டும். அடுத்து 101. கிடைக்காவிட்டால் 112. ஊர், சாலை, பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு அடையாளம், எத்தனை மாடி, எது எரிகிறது. இவ்வளவு சொன்னால் போதும்.

முதலாளிக்குப் போன் அதற்கப்புறம்தான். இதை அப்பா சொன்னால் எடுபடாது, முதலாளியே தன் வாயால் சொல்ல வேண்டும்: "என்னைக் கேட்காமலே 101ஐக் கூப்பிடு. பொய் அலாரமாக இருந்தாலும் நான் திட்ட மாட்டேன்." நான் பேசிப் பார்த்த காவலாளிகளில் பெரும்பாலோர் பயப்படுவது தீக்கு இல்லை, வண்டியை வீணாக வரவழைத்துவிட்டோம் என்று வேலை போய்விடுமோ என்பதற்குத்தான். அந்தப் பயத்தில் முதலாளிக்குப் போன் போட்டு, அவர் தூக்கத்தில் எடுக்காமல், மறுபடி போட்டு, கால் மணி நேரம் போய்விடும். சாவியும் அப்படித்தான். மெயின் ஸ்விட்ச் அறைச் சாவியாவது அப்பாவிடம் இருக்க வேண்டும். இந்தப் பக்கத்தைக் கத்தரித்து அந்த முதலாளியிடம் கொடுங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

அப்புறம், பேனலை ஒரு போட்டோ எடுத்து, எந்த எண் எந்தக் கடை, எந்த மாடி என்று அப்பாவிடம் கேட்டு எழுதி, இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். எந்த விளக்குக்கு என்ன அர்த்தம், எந்த எண்ணுக்கு எங்கே போக வேண்டும் என்று பெரிய எழுத்தில் தமிழில் ஒரு அட்டை எழுதி லேமினேட் செய்து அனுப்பிவைக்கிறேன். பேனலுக்கு இடது பக்கம், அப்பாவின் கண் உயரத்தில் ஒட்டுங்கள். பக்கத்தில் ஒரு ஆணி அடித்து டார்ச்சைத் தொங்கவிடச் சொல்லுங்கள்.